ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தும் ரிப்போர்ட்டில் மதிப்பெண் ஏன் குறைகிறது?

உங்கள் மகள் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஆங்கிலத்திலேயே படித்தவள். பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கிலும் நல்ல மதிப்பெண். அப்படியிருக்க, பொறியியல் முதலாண்டில் ஆய்வக ரிப்போர்ட் பாதி மதிப்பெண்ணோடு திரும்பியது ஏன் என்று கேட்கிறீர்கள். பள்ளிக் கட்டுரையில் முடிவு கடைசியில் வரும். ரிப்போர்ட்டில் முதல் பக்கச் சுருக்கத்திலேயே அது வந்துவிட வேண்டும். இந்தப் பழக்கம் மாற ஓராண்டாவது பிடிக்கும், பயப்படாதீர்கள்.

ஆனால் அசட்டையாகவும் விடக்கூடாது. தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம் அங்கீகரிக்கும் படிப்புகளில் தொழில்சார் எழுத்துத் திறனைக் காட்டியே பட்டம் வாங்க வேண்டும். பின்னாளில் பதிவுபெற்ற பொறியாளராக விண்ணப்பிக்கும்போதும் பயிற்சி அனுபவத்தை அறிக்கையாக எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் பெரும்பாலும் முன்னுரையில் தொடங்குகிறார்கள். பாடநூல் கோட்பாடே 2 பக்கத்தை விழுங்கிவிடும்; விவாதப் பகுதிக்கு 3 வரிதான் மிஞ்சும். முதலில் அட்டவணையும் வரைபடமும் போடட்டும். அடுத்து செய்முறை, விவாதம், முன்னுரை; முதல் பக்கத்தில் வரும் சுருக்கத்தைக் கடைசியில்தான் எழுத வேண்டும்.

விவாதத்தில்தான் மாணவியின் சிந்தனை தெரியும். தனி ஊசல் சோதனையில் ஈர்ப்பு முடுக்கம் 9,8-க்குப் பதில் 9,6 வந்தது, அதாவது சுமார் 2 விழுக்காடு குறைவு என்று வையுங்கள். "மனிதப் பிழை" என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். நூலைக் குண்டின் நடுவரை அளக்காமல் மேல்நுனியோடு நிறுத்தினால் நீளம் குறையும், முடுக்கமும் அதே விகிதத்தில் குறையும். 50 செ.மீ. ஊசலில் 1 செ.மீ. விட்டுப்போனாலே அந்த 2 விழுக்காடு வந்துவிடும். இப்படி எந்தப் பிழை, எந்தப் பக்கம், எவ்வளவு என்று எழுத வேண்டும்.

இன்னொன்று: நம் நாட்டின் அதிகாரப்பூர்வ முறை தசமக் காற்புள்ளி. கணினியும் அப்படியே அமைந்திருக்க, 9.6 என்று புள்ளி வைத்துத் தட்டினால் எக்செல் அதை எண்ணாக எடுக்காது, வரைபடம் கெட்டுப்போகும். துறை எந்தக் குறியைக் கேட்கிறது என்று முதல் வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள்.

பல பல்கலைக்கழகங்களில் எழுத்து மையம் உண்டு. ஒப்படைக்கும் நாளுக்கு 1 வாரம் முன்பே வரைவோடு போகட்டும். முந்தின நாள் போனால் எழுத்துப் பிழை திருத்தத்தான் நேரமிருக்கும்.

வீட்டில் நீங்களும் ஒன்று செய்யலாம். ராத்திரி சாப்பாட்டின்போது, "என்ன கண்டுபிடிச்சே, ஏன் அப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியாமல் திணறினால், விவாதப் பகுதி இன்னும் தயாராகவில்லை.