இறுக்கமாக ஒட்டினால் போதுமா? டி.என்.ஏ. ஜோடி இழைகள்: வாசகர் கேள்விகள்

சார், ப்ராஜெக்டுக்கு 20 காரங்கள் (டி.என்.ஏ.வின் எழுத்துகள்) உள்ள புரோப், அதாவது இலக்கு வரிசையைத் தேடி ஒட்டும் சிறு இழை, வடிவமைக்கிறேன். எல்.என்.ஏ. (சர்க்கரை பூட்டப்பட்ட செயற்கைக் கட்டுமானத் துண்டு) போட்டால் இலக்கோடு இறுக்கமாக ஒட்டுமாமே, எல்லா இடத்திலும் போட்டுவிடலாமா? (எம்.எஸ்சி. மாணவி, நாகர்கோவில்)

வேண்டாம் அம்மா. எல்.என்.ஏ.யில் சர்க்கரை வளையத்தின் குறுக்கே ஒரு மெத்திலீன் பாலம் உண்டு. அது வளையத்தை அசையவிடாமல், ஆர்.என்.ஏ.வுக்குரிய மடிப்பிலேயே நிறுத்திவிடும். ஜோடி சேரும்போது இழை ஒழுங்குக்கு வரவேண்டிய சிரமம் அந்த அளவுக்கு மிச்சம். அதனால் ஒவ்வோர் எல்.என்.ஏ.வும் உருகு வெப்பநிலையை (ஜோடிகளில் பாதி பிரிந்துபோகும் வெப்பநிலை) சுமார் 2 முதல் 8 டிகிரி ஏற்றும். இருபதும் அதுவே என்றால் கணக்கைப் பாருங்கள்! புரோப் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். ஒரு காரம் பொருந்தாத இலக்கையும் விடாது. ஒற்றைக் கார மாற்றத்தைப் பிடிப்பதுதான் நோக்கமென்றால் புரோப்பைக் குட்டையாக்கி, மாற்றம் உள்ள இடத்தை நடுவில் வைத்து, அங்கே இரண்டு மூன்று எல்.என்.ஏ. போடுங்கள்.

பாஸ்போரோதயோயேட் போட்ட பிரைமரின் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழை) உருகு வெப்பநிலை இறங்கிவிட்டது. சரக்கு மட்டமோ? (ஆய்வக உதவியாளர், மார்த்தாண்டம்)

அப்படிச் சொல்ல முடியாது. பாஸ்போரோதயோயேட் என்பது இதுதான்: இழையைக் கோக்கும் பாஸ்பேட் இணைப்பில் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம். அப்படி வந்தால், ஓர் இணைப்புக்கு அரை டிகிரி அளவில் இறங்கத்தான் செய்யும். பஃபர் கரைசலில் உப்பு குறைந்தாலும் இறங்கும், அதையும் பாருங்கள். கந்தகம் போடுவது ஒட்டுவதற்காக அல்ல, நியூக்ளியேஸ் என்ற நொதி இழையைத் தின்றுவிடாமல் இருப்பதற்காக. பிழைதிருத்தும் பாலிமரேஸ் (முனையிலிருந்து தின்னவும் கூடிய நகலெடுப்பு நொதி) வைத்து பி.சி.ஆர். (டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் முறை) செய்கிறீர்கள் என்றால் 3 பிரைம் முனையில் (நகல் நீளும் முனை) இரண்டு மூன்று கந்தக இணைப்பு போதும். மருந்தாகும் இழைக்கு இறுக்கமாக ஒட்டவும் வேண்டும், தின்னப்படாமல் இருக்கவும் வேண்டும். தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சனில் 18 காரங்கள். இணைப்பெல்லாம் கந்தகம், சர்க்கரையிலெல்லாம் மெத்தாக்சிஎத்தில் என்ற வேதிக்குழு. கந்தகம் இறக்குவதை மெத்தாக்சிஎத்தில் ஏற்றிவிடும்.

கொரோனா எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியில் யூரிடினை (ஆர்.என்.ஏ.வின் ஒரு கட்டுமானத் துண்டு) மாற்றியதும் ஜோடி உறுதிக்காகவா? (பள்ளி ஆசிரியர், தக்கலை)

முக்கியமாக அதற்கில்லை. வெளி ஆர்.என்.ஏ.வைக் கண்டதும் உடம்பு அலறாமல் இருக்கத்தான். அதற்கு வழிகாட்டிய விஞ்ஞானிகள் கரிக்கோவும் வைஸ்மனும் 2023-ல் நோபல் பெற்றார்கள்.

எங்கள் கடல்மணலில் மோனசைட் (கதிர்வீசும் தோரியம் கலந்த கனிமம்) இருக்கிறது. கதிர்வீச்சு டி.என்.ஏ. ஜோடியைப் பிரித்துவிடுமா? (மணவாளக்குறிச்சி)

அப்படியே இரண்டாகப் பிரிக்காது. இழையை அறுக்கலாம், காரத்தை மாற்றலாம். குவானின் என்ற காரம் ஆக்சிஜனேற்றத்தால் 8-ஆக்சோகுவானின் ஆனால் ஜோடி கொஞ்சம்தான் தளரும். நகலெடுக்கும்போது தன் வழக்கமான ஜோடியான சைட்டோசினுக்குப் பதில் அடினினைச் சேர்த்துக்கொள்வதில்தான் வில்லங்கம். காரமே உதிர்ந்துபோன இடம் ஜோடியை நன்றாகத் தளர்த்தும். இந்தச் சேதமெல்லாம் மணல் இல்லாத ஊரிலும், சும்மா மூச்சு விடுவதாலேயே தினமும் நடக்கிறது. செல்லின் பழுதுநீக்கும் நொதிகள் சரிசெய்கின்றன. இதேபோன்ற மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.