கந்தல் இற்றுப்போக வேண்டும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அயர்லாந்தின் புனிதக் கிணறுகளைப் பற்றிய தங்கள் கட்டுரையில், கிணற்றடி மரங்களில் கந்தல் கட்டும் வழக்கத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அது பழைய மர வழிபாட்டின் எச்சம்தானே? திருச்சபை அதன்மேல் புனிதர்களின் பெயரை ஒட்டிக்கொண்டது என்பதுதானே உண்மை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மரங்களுக்கு அங்கே தொன்மையான மதிப்பு உண்டு. புனித மரத்தைக் குறிக்க ஐரிஷ் மொழியில் 'பிலெ' என்று தனிச்சொல்லே இருக்கிறது. புனித பிரிஜித்தின் மடம் இருந்த கில்டேரின் பெயருக்கே ஓக் மரத்துக் கோயில் என்றுதான் பொருள். ஆனாலும் 'எச்சம்' என்று சொல்ல எனக்குத் தயக்கமே. கதிரவன் செல்லும் திசையில் கிணற்றை வலம்வருகிறவர் அதே நடையில் செபமாலையும் உருட்டுகிறார். இதில் எந்த இழை பழையது, எது புதியது என்று யார் பிரிப்பது? திருச்சபை வெறுமனே ஒட்டிக்கொண்டது என்பதும் சரியல்ல. கிணற்றடித் திருநாள்களின் ஆட்டபாட்டத்தை 1660-இல் டூவம் நகரில் கூடிய ஆயர் மன்றம் தடைசெய்தது. 1704-ஆம் ஆண்டின் அரசுச் சட்டமோ அங்கே கூடுவதையே குற்றமாக்கி, 10 ஷில்லிங் அபராதமும், கட்டத் தவறினால் கசையடியும் விதித்தது. மக்கள் போவதை நிறுத்தவில்லை.

கந்தலுக்கு வருகிறேன். நோயுள்ள இடத்தைக் கிணற்று நீரில் நனைத்த துணியால் துடைத்து, அதைக் கிளையில் கட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போக வேண்டும். மழையிலும் வெயிலிலும் துணி இற்றுப்போகப் போக நோயும் தேயும், அவிழ்த்தெடுப்பவரை அந்நோய் பற்றும் என்பார்கள். மட்கும் துணியை நம்பியே இந்தக் கணக்கு நிற்கிறது. இன்று கட்டப்படும் நைலான் நாடாக்கள் மட்குவதுமில்லை, கிளை பருக்க இடம்கொடுப்பதுமில்லை. சடங்கு தெரிந்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதில் வியப்பென்ன?

காசின் கதை இன்னும் மோசம். லீஷ் மாவட்டத்தின் குளோனெனாவில் புனித ஃபின்டனின் மரம் என்று ஒரு சிக்கமோர் மரம் சாலையோரத்தில் நின்றது. அருகிலிருந்த கிணற்றை மூடியதும் அதன் நீர் இம்மரத்தின் கவட்டில் ஊறியதாகக் கதை. வந்தவர்கள் வேண்டிக்கொண்டு பட்டைக்குள் நாணயங்களை அடித்துச் செருகினார்கள். மேல்பட்டை மூடி, விளிம்பு மட்டும் தெரியும்படி அவை வரிசை வரிசையாகப் புதைந்தன. அந்த உலோகமே மரத்துக்கு நஞ்சானது என்கிறார்கள். 1994-இல் மரம் சாய்ந்தது. அடியிலிருந்து பின்னர் புதிய தளிர்கள் கிளம்பின.