ஆக்சியான் தேடும் செம்புப் பெட்டி: ஏற்காட்டுக் குளிர் உதவுமா?

கேள்வி: சேலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். ஆக்சியான் எனும், இன்னும் கண்டறியப்படாத கரும்பொருள் துகளைத் தேடும் கருவியைச் சிறு அளவில் புராஜெக்ட்டாகச் செய்ய ஆசை. எவர்சில்வர் டிரம் போதுமா? ஏற்காட்டில் வைத்தால் இரைச்சல் குறையுமா?

பதில்: ஏற்காடு உதவாது. கீழே 35 டிகிரி என்றால் 308 கெல்வின். மேலே 20 டிகிரி என்றால் 293. வெப்ப இரைச்சல் குறைவது 5 சதவீதம்தான். சியாட்டில் நகரிலுள்ள ஏடிஎம்எக்ஸ் என்ற ஆக்சியான் தேடும் கருவி சுமார் 7.6 டெஸ்லா காந்தத்துக்குள், 0.1 கெல்வினை ஒட்டிய குளிரில் இயங்குகிறது. காந்தப்புலத்தில் ஆக்சியான் நுண்ணலையாக மாறினால் அங்கேயே எதிர்பார்க்கும் சிக்னல் 10⁻²³ வாட் அளவுதான். 1 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் அந்தச் சிக்னல் இரைச்சலுக்குச் சமமாக எழ, 0.5 கெல்வின் இரைச்சலில் 8 நிமிடம் சராசரி எடுத்தால் போதும். அறை வெப்பத்தில் 5 வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் ஆக்சியான் உங்களுக்குச் சிக்காது. ஆனால் அந்தக் கருவியின் ஒத்ததிர்வுப் பெட்டியை (குறிப்பிட்ட அதிர்வெண்களில் மட்டும் நுண்ணலை வலுத்து அதிரும் உலோகப் பெட்டி) நீங்களே செய்யலாம், செய்யவும் வேண்டும்.

செம்புத் தகட்டில் உள்விட்டம் 20 செ.மீ., உயரம் 30 செ.மீ. உருளை அடியுங்கள். 11.475-ஐ ஆரத்தால் (செ.மீ.) வகுத்தால் டிஎம்010 மோடின் (மின்புலம் உருளையின் அச்சு வழியே நிற்கும் அதிர்வு) அதிர்வெண் வரும்: 1.1475 ஜிகாஹெர்ட்ஸ். இது 4.75 மைக்ரோ எலெக்ட்ரான்வோல்ட் ஆக்சியான் நிறைக்குச் சமம். கணக்குப்படி கியூ மதிப்பு (அதிர்வு எவ்வளவு கூர்மை என்பதன் அளவு) ஏறக்குறைய 39,000, எவர்சில்வரில் 6,000-தான். மின்னோட்டம் செம்பின் உட்பரப்பில் 2 மைக்ரான் தோலில்தான் ஓடுகிறது. ஏடிஎம்எக்ஸ் பெட்டியும் எவர்சில்வர்தான், மேலே செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள்.

கெடுவதெல்லாம் மூடியில்தான். இந்த மோடில் மின்னோட்டம் சுவரில் நெடுக்காக ஏறி, மூலையைத் தாண்டி மூடிக்குள் போகிறது. நெடுக்கில் வரும் பற்றவைப்புத் தையல் அதை மறிக்காது. மூடி இடுக்கு மறிக்கும். விளிம்பை வெளியே 1.5 செ.மீ. மடக்கி, கண்ணாடிமேல் விரித்த எமரித் தாளில் சமமாகும்வரை தேயுங்கள். 3 செ.மீ.க்கு ஒரு எம்4 திருகு போடுங்கள். உட்புறத்தைப் புளி தேய்த்துக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து அன்றே மூடிவிடுங்கள்.

இரு மூடிகளின் நடுவிலும் எஸ்எம்ஏ கனெக்டர் (கேபிள் மாட்டும் சிறு திருகு இணைப்பு) வைத்து, ஊசி 1 செ.மீ. உள்ளே நீளட்டும். 1.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும் நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவியில் எஸ்21 (ஒரு ஊசியிலிருந்து மறு ஊசிக்குக் கடக்கும் சிக்னல்) பாருங்கள். முகடு மைனஸ் 30 டெசிபலுக்கு மேல் வந்தால் ஊசியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெட்டுங்கள். இல்லையேல் ஊசியே ஆற்றலை உறிஞ்சி கியூவைக் குறைத்துக் காட்டும். 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 101 புள்ளி ஓட்டினால் முகடு இரண்டு புள்ளிகளுக்கிடையே ஒளிந்துகொள்ளும். கியூ 10,000 என்றால் அதன் அகலமே 115 கிலோஹெர்ட்ஸ்தான். முகடு இருக்கும் இடத்தைச் சுற்றி 2 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருக்குங்கள். 1.25 ஜிகாஹெர்ட்ஸில் தெரிவது டிஎம்011 என்ற வேறொரு மோடு, அதை விட்டுவிடுங்கள். கியூ இரண்டாயிரம், மூவாயிரத்திலேயே நின்றால் திருகுகளைக் கழற்றி மறுபடி விளிம்பைத் தேயுங்கள்.