கெர்னலில் வரும் டேட்டா ரேஸ் எச்சரிக்கை பொய் என்று தெரிந்தால் அதை எப்படி அடக்குவது?

"என் டிரைவரில் கேசிசான் தினமும் ஒரே எச்சரிக்கையைக் காட்டுகிறது. அது வெறும் கணக்கு எண்தான். எல்லா இடத்திலும் ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் போட்டு முடித்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவை இரண்டும் ஒரு மதிப்பை ஒரே தடவையில் படி, எழுது என்று கம்பைலருக்குச் சொல்லும் மேக்ரோக்கள். நானும் அப்படித்தான் செய்தேன், பிறகு பட்டேன். தயவுசெய்து போடாதீர்கள்.

கேசிசான் (KCSAN) லினக்ஸ் கெர்னலில் டேட்டா ரேஸைப் பிடிக்கும் கருவி. ஒரே நினைவக இடத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒழுங்கில்லாமல் தொட்டு, அதில் ஒருவராவது எழுதினால் அது டேட்டா ரேஸ். இந்தக் கருவி 2020இல் லினக்ஸ் 5.8-உடன் வந்தது. அது ஊகித்துச் சொல்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கோடில் அவ்வப்போது ஒரு நினைவக அணுகலைப் பிடித்து, அந்த முகவரிக்குக் காவல் போட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கும். சாதாரண டாஸ்க் என்றால் 80 மைக்ரோசெகண்ட் வரை. அதற்குள் இன்னொரு கோர் அங்கே கை வைத்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடும். அதனால் நீங்கள் பார்க்கும் மோதல் பெரும்பாலும் உண்மையாகவே நடந்திருக்கும். "பொய்" என்று நாம் சொல்வது, அதனால் கெடுதல் இல்லை என்ற பொருளில்தான். யார் தொடுவதால் கெடுதல் இல்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

நான் சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தே டிரைவர் வேலை பார்க்கிறேன். விழுந்துபோன பாக்கெட்டுகளை எண்ண எங்களிடம் ஒரு கவுண்டர் இருந்தது. ஸ்பின்லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பிடித்துக்கொண்டுதான் அதை ஒவ்வொன்றாக ஏற்றுவோம். டீபக்எஃப்எஸ் (பிழை தேடுவதற்காகக் கெர்னலின் உள் விவரங்களைக் காட்டும் வசதி) ஃபைல் மட்டும் லாக் இல்லாமல் படித்துக் காட்டும். எச்சரிக்கை அங்கேதான் வந்தது. நான் படிக்கிற இடம், ஏற்றுகிற இடம் எல்லாவற்றையும் ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் என்று மாற்றினேன். சத்தம் நின்றது.

சில மாதம் கழித்து ஒரு டைமர் வழியிலும் அந்த எண்ணை ஏற்ற வேண்டி வந்தது. என் வரியையே நகலெடுத்துப் போட்டார்கள், லாக் போட மறந்துவிட்டார்கள். எண்ணிக்கை குறைந்து வர ஆரம்பித்தது. இரண்டு நாள் ஹார்டுவேர்மேல் சந்தேகப்பட்டோம். கடைசியில் எங்கள் குழுவில் இருக்கும் குடியாத்தம் பெண்தான் கண்டுபிடித்தாள். "அண்ணா, இந்த வரிக்கு மேல லாக்கே இல்லையே. கேசிசான் ஏன் சும்மா இருந்துச்சு?"

நான்தான் அதன் வாயைக் கட்டியிருந்தேன். இரண்டு பக்கமும் குறியிட்ட அணுகல் (ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் போன்றவை போட்டது) என்றால், தெரிந்தே செய்கிறார்கள் என்று கேசிசான் விட்டுவிடும். ஆனால் படித்து, ஒன்று கூட்டி, எழுதுவது குறியிட்டாலும் மூன்று வேலைதான். என் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் ஸ்டோர் கணக்கு எழுதியவர். இருப்பு 40 தோல் என்று இரண்டு பேர் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒன்று கூட்டி 41 என்று எழுதினால் ஒரு தோல் கணக்கில் காணாமல் போகும். முதலாளி போகிற போக்கில் நோட்டை எட்டிப் பார்த்தால் எதுவும் கெடாது. அவருக்கு ஒன்று முன்னே பின்னே தெரியும், அவ்வளவுதான்.

எட்டிப் பார்க்கிறவருக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். லாக்குக்குள் ஏற்றும் வரிகளைச் சாதாரணமாகவே விட்டுவிட்டு, டீபக்எஃப்எஸ் படிக்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் டேட்டா_ரேஸ் மேக்ரோவுக்குள் (இங்கே மோதல் தெரிந்ததுதான், எச்சரிக்க வேண்டாம் என்று கேசிசானுக்குச் சொல்வது) வையுங்கள். நாளைக்கு யாராவது லாக் இல்லாமல் ஏற்றினால் கேசிசான் கத்தும். நாங்கள் மாற்றி ஓட்டிய அன்று சாயங்காலமே டைமர் வழியைக் காட்டிக்கொடுத்தது. மேக்ரோவுக்குப் பக்கத்தில் ஏன் பாதிப்பில்லை என்று ஒரு வரி கமெண்ட்டும் எழுதுங்கள்.

ஆனால் டேட்டா_ரேஸ் கம்பைலரைக் கட்டுப்படுத்தாது. ஒரு கொடி (flag) மாறும்வரை லூப்பில் சுற்றும் கோடில் அதைப் போட்டால், கம்பைலர் கொடியை ஒரே முறை படித்துவிட்டு லூப்பை முடிவில்லாமல் ஓட்ட இடம் உண்டு. அங்கே ரீட்_ஒன்ஸ் கட்டாயம் வேண்டும். அந்தக் கொடியை லாக் இல்லாமல் எழுதுகிறவர் ரைட்_ஒன்ஸ் போட வேண்டும்.

அப்புறம், ரிப்போர்ட்டில் ஒரு பக்கம்தான் தெரிகிறது, மறுபக்கம் தோற்றம் தெரியாதது (unknown origin) என்று வருகிறதா? மதிப்பு மாறியிருக்கிறது, மாற்றியவரை கேசிசானால் பார்க்க முடியவில்லை என்று அர்த்தம். டிரைவர் என்றால் முதலில் டிஎம்ஏ-வைப் பாருங்கள். சாதனமே நேராக நினைவகத்தில் எழுதியிருக்கலாம்.

உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள இரண்டு ஸ்டாக்கையும் (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக அங்கே வந்தது என்ற பட்டியல்), அந்த எண் எந்த லாக்கின் கீழ் இருக்கிறது என்பதையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். எங்கே விலக்கு போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.