கட்டை அவிழ்க்கும் முன் ஒரு படம்

கேள்வி: பாட்டி இறந்த பிறகு அவர் பெட்டியில் நாடாவால் கட்டிய ஐந்தாறு கடிதக் கட்டுகள் கிடைத்தன. மை மங்கிவிட்டது. சில தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தேதிவாரியாக அடுக்கி லேமினேட் செய்துவிடலாமா? எழுதியவர்கள் யாரென்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகும் பசை தாளின் இழைகளுக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்கப் பார்த்தால் தாள்தான் போகும். கிழிசலுக்கு செலோ டேப்பும் கூடாது. நாளடைவில் டேப் உரிந்துவிடும், பழுப்புக் கறை மட்டும் எழுத்தின் மேல் தங்கிவிடும்.

தேதிவாரியாக அடுக்குவதையும் தள்ளிப்போடுங்கள். எந்தக் கடிதத்தை எதோடு சேர்த்து முடிந்து வைத்தார் என்பதும் பாட்டி விட்டுப்போன செய்திதான். துக்கச் செய்தி சொல்லும் கடிதமும் ஒரு மருத்துவமனை ரசீதும் ஒரே கட்டில் இருந்தால், இரண்டும் ஒரே கதையாக இருக்கலாம். பிரித்துவிட்டால் அந்தத் தொடர்பு திரும்பக் கிடைக்காது. ஆவணக் காப்பகங்களிலும் வந்த வரிசையைக் கலைக்காமல் காப்பது அடிப்படை விதி. ஆகவே, கட்டை அவிழ்க்கும் முன் படம் எடுங்கள். ஒவ்வொரு கடிதத்தின் பின்புற மூலையிலும் மென்மையான பென்சிலால் '2/7' என்று, அதாவது இரண்டாம் கட்டில் ஏழாவது என்று, குறியுங்கள். உறையைக் கடிதத்தோடே வையுங்கள். உள்ளே சில நேரம் 'செவ்வாய்க்கிழமை' என்று மட்டும் இருக்கும். ஆண்டையும் ஊரையும் சொல்வது உறையிலுள்ள தபால் முத்திரைதான்.

கையுறை தேவையில்லை, கழுவி நன்றாக உலர்த்திய கை போதும். ஒட்டிய தாள்களை இழுக்காதீர்கள், ஆவியும் காட்டாதீர்கள். அதைத் தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிடுங்கள்.

மங்கிய எழுத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைத் தாளின் விளிம்பருகே கிடைமட்டமாகப் பிடியுங்கள். பேனா முள் அழுந்திய தடம் நிழலாக எழும்பும். அழிந்துபோனது என்று கைவிட்ட முகவரியைக்கூட இப்படிப் படித்துவிடலாம்.

எழுதியவர் யார்? விளிப்பிலிருந்து தொடங்குங்கள். பாட்டியை ஒருவர் 'அக்கா' என்கிறார், இன்னொருவர் 'அண்ணி' என்கிறார் என்றால், முன்னவர் பிறந்த வீட்டுப் பக்கம், பின்னவர் தாத்தாவின் தம்பியோ தங்கையோ என்று ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தைப் பென்சிலிலேயே வையுங்கள். உறவில்லாதவர்களும் மரியாதைக்காக அப்படி அழைப்பதுண்டு. இன்னொரு கடிதம் உறுதி சொல்ல வேண்டும். எழுதுபொருளையும் கவனியுங்கள். பால்பாயிண்ட் பேனா 1945க்குப் பிறகுதான் பரவலானது. 1932 என்று தேதியிட்ட கடிதம் அதில் எழுதியிருந்தால், யாரோ பின்னாளில் பார்த்து எழுதிய நகலாக அது இருக்கலாம்.

வீட்டுப் பெரியவர்களிடம் 'பழைய கதை சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பெரிதாக எதுவும் வராது. கடிதத்திலிருந்து ஒரே ஒரு வரியைப் படித்துக்காட்டி, "இதில் வருகிற 'சின்னவன்' யார்?" என்று கேளுங்கள். அவர் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்து, கோப்பின் பெயரில் அந்தக் கடிதத்தின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். முழுவதும் படித்து முடித்த பிறகு கேட்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.