வாய் வறட்சிக்கு மலேரியா மாத்திரையா?

வணக்கம் சகோதரி. அம்மாவுக்கு ஷோகிரன் நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) என்று சொல்லி மலேரியா மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கொடுத்திருக்கிறார்களே, மாறிப்போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, பயப்படாதீர்கள்.

நம் செல்களுக்குள் டிஎல்ஆர்-7 என்றொரு காவலாளி உண்டு. வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவை மோப்பம் பிடித்து எச்சரிப்பது அதன் வேலை. ஷோகிரனில் அது நம் சொந்த ஆர்என்ஏவையே எதிரியாக எடுத்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதனால் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் பெருகுகிறது, எதிர்ப்பு அணுக்கள் உமிழ்நீர்ச் சுரப்பியில் குவிகின்றன. அம்மாவுக்கு 'ரோ' பாசிட்டிவ், அதாவது ரோ புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறது என்றீர்களே, ரோ-60 புரதமும் ஆர்என்ஏவோடு ஒட்டியிருப்பதுதான். இந்த மாத்திரை, அந்தக் காவலாளி இருக்கும் நுண்பைகளில் சேர்ந்து அதை அடக்குகிறது.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். 2014இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 24 வாரம் சாப்பிட்டும் வறட்சி, வலி, சோர்வு மூன்றிலும் போலி மாத்திரையைவிடத் தெளிவான பலன் தெரியவில்லை. இருந்தாலும் மூட்டு, தோல் தொந்தரவு இருந்தால் மருத்துவர்கள் தருவதுண்டு. அம்மாவுக்கு எதற்காக என்று கேட்டுவிடுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுவோருக்கான விழித்திரைப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், எச்சில் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். அதனால் காலைக் கோப்பியை 'ஓ கோசோங்' (பாலும் சர்க்கரையும் இல்லாதது) ஆக்கச் சொல்லுங்கள். கன்னத்தில் வீக்கம் வந்து வடியாமல் நின்றால் மட்டும் அடுத்த அப்பாயின்மென்ட்வரை காத்திராமல் உடனே காட்டுங்கள்.