22 மாதக் குழந்தை பெயர் சொன்னால் திரும்பவில்லை: நியூஜெர்சியில் முதலில் யாரைக் கூப்பிடுவது?

அன்புத் தங்கைக்கு,

எடிசனுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது, மகனுக்கு 22 மாதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, இன்னும் 'அம்மா' வரவில்லை, மாமியாரோ 'ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும், அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்' என்கிறார், 2 வயது செக்கப் வரை பொறுக்கலாமா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொறுக்க வேண்டாம். நான் பொறுத்தேன், அதனால்தான் சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு இப்போது 11 வயது.

அவனுக்கு 18 மாதமானபோது செக்கப்பில் ஒரு தாள் கொடுத்தார்கள். எம்-சாட் என்பார்கள், ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்கும் 20 கேள்விகள், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. நீங்கள் எதையாவது சுட்டிக்காட்டினால் குழந்தை அந்தப் பக்கம் பார்க்கிறதா என்பது ஒரு கேள்வி. எப்போதோ ஒருநாள் பார்த்ததை நினைத்துக்கொண்டு 'ஆமாம்' போட்டேன். அப்படியே எல்லாவற்றுக்கும். டாக்டரும் ஆறு மாதம் பார்ப்போம் என்றார். வீட்டில் அவன் சம்படத்து மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, அது ஆடி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். ஜூஸ் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் ஃபிரிட்ஜ் கைப்பிடியில் வைப்பான், என் முகத்தைப் பார்க்க மாட்டான். தனியாக எவ்வளவு சமத்தாக விளையாடுகிறான் பாருங்கள் என்று அதை வீடியோ எடுத்து மதுரைக்கு அனுப்பினவள் நான்.

பேச்சு தாமதம் மட்டும் ஆட்டிசம் ஆகிவிடாது. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. நிலாவையோ ரயிலையோ பார்த்தால் விரலை நீட்டி, உங்கள் முகத்தையும் திரும்பிப் பார்த்து, 'நீயும் பாரேன்' என்று கூட்டுச் சேர்த்துக்கொள்கிறானா? டாட்டா காட்டுகிறானா? நீங்கள் சிரித்தால் சிரிக்கிறானா? முன்பு சொன்ன வார்த்தைகள் மறைந்துபோயிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். காது கேட்கும் பரிசோதனைக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். டிவி பாட்டுக்கு ஓடி வருகிறானே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, யாரைக் கூப்பிடுவது? மாநிலத்தின் ஏர்லி இன்டர்வென்ஷன், அதாவது வளர்ச்சி தாமதமாகும் சின்னக் குழந்தைகளுக்குப் பரிசோதனையும் தெரபியும் தரும் திட்டம். நியூஜெர்சி முழுவதற்கும் ஒரே கட்டணமில்லா எண்தான், டாக்டர் சீட்டு தேவையில்லை, பெற்றோரே கூப்பிடலாம், விசா எதுவானாலும் தடையில்லை. பதிவான நாளிலிருந்து 45 நாளுக்குள் குழந்தையைப் பரிசோதித்து, உங்களோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும் என்பது மத்திய சட்டம். பரிசோதனைக்குக் காசில்லை, அதன்பின் வரும் தெரபிக்கு வருமானத்தைப் பொறுத்து ஒரு பங்கு கேட்கலாம். இதற்கு ஆட்டிசம் என்ற டயக்னோசிஸ் கையில் இருக்க வேண்டியதில்லை, வளர்ச்சியில் போதிய தாமதம் இருந்தாலே போதும். ஆனால் 3 வயதோடு இது முடிந்துவிடும், பிறகு உங்கள் ஊர் பள்ளி மாவட்டம் பொறுப்பு. எனவே உங்கள் கையில் இருப்பது 14 மாதம். நான் கூப்பிட்டபோது எனக்கு மிச்சமிருந்தது நாலே மாதம்.

டயக்னோசிஸ் தனி வழி. டெவலப்மென்டல் பீடியாட்ரிஷியன் (குழந்தை வளர்ச்சிக்கான சிறப்பு டாக்டர்), குழந்தை நரம்பியல் டாக்டர், சைக்காலஜிஸ்ட் யாராவது தர வேண்டும், காத்திருப்பு மாதக்கணக்கில் போகும். இரண்டு மூன்று இடங்களில் பெயர் கொடுத்து வையுங்கள், யாராவது ரத்து செய்தால் கூப்பிடச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேனில் தெரிகிற விஷயம் இல்லை இது. எங்களுக்கு ஒரு அறையில் தரையில் உட்கார்ந்து விளையாடினார்கள். பரிசோதித்த அம்மா சோப்புக் குமிழி ஊதினார், சட்டென்று நிறுத்தினார், காத்திருந்தார். என் பிள்ளை குமிழிக் குப்பியையே பார்த்தான், அவர் முகத்துக்கு வரவேயில்லை. இரண்டு வருடம் நான் பார்க்காததை அந்தப் பத்து வினாடியில் பார்த்தேன்.

இன்சூரன்ஸில் ஏபிஏ தெரபி (நடத்தையையும் திறன்களையும் படிப்படியாகப் பழக்கும் பயிற்சி) கேட்கும்போது அந்த டயக்னோசிஸ் பேப்பர் வேண்டும். நியூஜெர்சி சட்டப்படி ஆட்டிசம் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் பணம் தர வேண்டும்தான், ஆனால் கம்பெனியே பணம் போட்டு நடத்தும் செல்ஃப்-ஃபண்டட் திட்டங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஐடி கம்பெனிகள் பலவற்றில் அதுதான். உங்கள் திட்டம் செல்ஃப்-ஃபண்டடா என்பதை மட்டும் உங்கள் வீட்டுக்காரரை ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அப்புறம், தமிழை நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு எட்டு மாதம் நான் என் பிள்ளையிடம் தமிழே பேசவில்லை. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பாதிப்பில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த எட்டு மாதத்தில் போன் வந்தால் என் அம்மா அவனிடம் 'ஹாய்' என்று மட்டும் சொல்லிவிட்டு போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவார். அதை இன்றைக்கும் என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. பரிசோதனைக்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

யூடியூப் போட்டுச் சோறு ஊட்டினதால்தான் இப்படி ஆச்சு என்று ஊரிலிருந்து யாராவது சொல்லுவார்கள். திரையைக் குறைப்பது நல்லதுதான், குறையுங்கள். ஆனால் ஆட்டிசம் ஒரு தாய் ஊட்டின விதத்தால் வருவதில்லை, பெரும்பங்கு மரபணுவில் இருக்கிறது. அந்தப் பேச்சு வந்தால் போனைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள், அவர் பதில் சொல்லட்டும்.

திங்கள் காலை கூப்பிடுங்கள். பிறந்த தேதியும் இன்சூரன்ஸ் அட்டையும் பக்கத்தில் இருக்கட்டும், பேசுகிறவர் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த நாள் கொடுத்தார்கள் என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள். பரிசோதிக்க அவர்கள் வீட்டுக்கு வரும்போது யாராவது கூட இருந்தால் தேவலை என்று தோன்றினால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.